டார்வினுக்குச் சாட்சி சொன்ன பக்தர்கள்

பரிணாமத்தை ஏற்றால் படைத்தவனை மறுத்தாக வேண்டுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றை நீதிமன்றம் வரை இழுத்த கேள்வி, இன்று நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கும் வந்திருக்கிறது.

2005 ஜனவரி 18. பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற சிற்றூர். உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு. உயிரியல் பாடவேளையில் நிர்வாக அதிகாரி ஒருவர் வகுப்புக்குள் வருகிறார். கையில் நான்கு பத்தி அறிக்கை. அதை வாசிக்க வேண்டியவர்கள் அறிவியல் ஆசிரியர்கள்தான். ஆனால் அவர்கள், மாணவர்களுக்குப் பொய் சொல்ல எங்கள் தொழில் தர்மம் இடம் தராது என்று எழுத்து மூலமாகவே மறுத்துவிட்டார்கள். அதனால் அதிகாரியே வாசிக்கிறார்.

டார்வின் சொன்னது ஒரு கோட்பாடு மட்டுமே, உண்மை அல்ல. அதில் சான்று இல்லாத இடைவெளிகள் உண்டு. உயிரின் தோற்றத்துக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற வேறு விளக்கமும் இருக்கிறது. விரும்புகிறவர்கள் அதற்கான புத்தகத்தைப் படித்துப் பார்க்கலாம். வாசித்து முடிக்க ஒரு நிமிடம்தான் ஆகிறது. கேள்வி கேட்க அனுமதி இல்லை. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளை வெளியே போய்விடலாம்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அதே பள்ளியில் ஒரு மாணவர் மனிதப் பரிணாமத்தைப் பெரிய ஓவியமாக வரைந்து அறிவியல் வகுப்பறைக்குக் கொடுத்திருந்தார். 2002இல் அந்த ஓவியத்தை எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள். ஓவியத்தில் பற்றிய அந்த நெருப்பு, பள்ளி வாரியக் கூட்டங்களுக்கும் தேவாலயங்களுக்கும் குடும்பங்களுக்கும் பரவி, கடைசியில் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தை எட்டியது.

வழக்கு நடந்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் ‘கடவுளா, டார்வினா’ என்று கேட்டன. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் யார் என்று பார்த்தால், அந்தக் கேள்வியே தவறு என்பது தெரிந்துவிடும்.

கூண்டில் ஏறியவர்கள்

2005 செப்டம்பர் 26. பரிணாமத்துக்காக வழக்குத் தொடுத்த பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர். பிரௌன் பல்கலைக்கழகத்தின் உயிரணு உயிரியல் பேராசிரியர். டோவர் பள்ளி வாரியம் ‘டார்வினியம் மண்டிக் கிடக்கிறது’ என்று வெறுத்த பாடப்புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர். வழிபாட்டில் ஊறிய கத்தோலிக்கர்.

எதிர்த்தரப்பின் முதன்மைச் சாட்சி மைக்கேல் பீஹி. லீஹை பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர். அவரும் கத்தோலிக்கர்தான்.

பெற்றோர் தரப்புக்காக வந்த இன்னொரு சாட்சி ஜான் ஹாட், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர். வழக்குத் தொடுத்த பெற்றோரில், கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு பைபிள் வகுப்பு எடுத்தவர்களும் இருந்தார்கள். நீதிபதி ஜான் ஜோன்ஸ் லூதரன் சபையைச் சேர்ந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், அவரை நியமித்தவர் அதிபர் ஜார்ஜ் புஷ்.

இரண்டு பக்கமும் ஜெபிக்கிறவர்கள். அப்படியானால் சண்டை எதைப் பற்றி?

கடவுளை எங்கே தேடுவது என்பதைப் பற்றி. உடலின் சில நுண்ணமைப்புகளில் ஒரு பாகத்தை எடுத்தாலும் முழுதும் நின்றுவிடும். அவை படிப்படியாக உருவாகியிருக்க முடியாது. ஆகவே அங்கே ஓர் அறிவின் கை தெரிகிறது என்றார் பீஹி. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சுழலும் வால் அவர் காட்டிய முதல் உதாரணம். மில்லரின் பதில் எளிமையானது. அந்த வாலின் அடிப்பாகத்தில் உள்ள புரதங்களை ஒத்த ஒரு சிறு தொகுதி, சில நோய்க்கிருமிகளில் நஞ்சைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பாகங்கள் குறைந்தால் பயனே இராது என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டது.

நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலிடம் விடையே இல்லை என்பது பீஹியின் அடுத்த வாதம். குறுக்கு விசாரணையில் அவர் முன்னால் 58 ஆய்வுக் கட்டுரைகளும் 9 நூல்களும் பாடநூல் அத்தியாயங்களும் அடுக்கப்பட்டன. இவை போதாது என்றார் அவர். இதே பீஹி பூமியின் தொன்மையையும், மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொது மூதாதை உண்டு என்பதையும் ஏற்கிறவர் என்பதைக் கவனிக்க வேண்டும். டோவர் வாரியத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டியவர்கள் பலருக்கு அது தெரிந்திருக்காது.

---
பெட்டிச் செய்தி: டோவர் வழக்கு – நாட்குறிப்பு

• 2004 அக்டோபர் 18: அறிவார்ந்த வடிவமைப்பை வகுப்பில் குறிப்பிட வேண்டும் என்ற தீர்மானத்தைப் பள்ளி வாரியம் 6–3 வாக்கில் நிறைவேற்றுகிறது. எதிர்த்தவர்களில் இருவர் அன்றே விலகுகிறார்கள்.
• 2004 டிசம்பர் 14: 11 பெற்றோர் வழக்குத் தொடுக்கிறார்கள். ‘கிட்ஸ்மில்லர் எதிர் டோவர்’ என்று வழக்கு பெயர் பெறுகிறது.
• 2005 ஜனவரி 18: வகுப்புகளில் அறிக்கை வாசிக்கப்படுகிறது.
• 2005 செப்டம்பர் 26 – நவம்பர் 4: விசாரணை.
• 2005 நவம்பர் 8: வாரியத் தேர்தல். தீர்மானத்தை ஆதரித்துப் போட்டியிட்ட எட்டுப் பேரும் தோற்கிறார்கள்.
• 2005 டிசம்பர் 20: 139 பக்கத் தீர்ப்பு.
---

இரண்டாம் குரோமோசோம் சொன்ன கதை

மில்லர் நீதிமன்றத்தில் விளக்கிய சான்றுகளில் ஒன்று, நம் ஒவ்வொருவர் உடலிலும் இருப்பது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 48 குரோமோசோம்கள். மனிதருக்கு 46. நமக்கும் அவற்றுக்கும் பொது மூதாதை உண்டென்றால், அந்த ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு ஜோடி அப்படியே தொலைந்திருந்தால் உயிரே பிழைத்திருக்காது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் அந்த வடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பொது மூதாதை என்ற கருத்துக்கே பெரும் சிக்கல்.

வடு தெரிந்தது. குரோமோசோமின் முனையில் மட்டும் இருக்க வேண்டிய டீலோமியர் தொடர், மனிதனின் இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில் கிடக்கிறது. ஒன்றே ஒன்று இருக்க வேண்டிய சென்ட்ரோமியருக்குப் பக்கத்துணையாக, செயலிழந்த இன்னொன்றின் எச்சமும் இருக்கிறது. கோட்பாடு தன் தலையையே பணயம் வைத்துச் சொன்ன முன்கணிப்பு பலித்தது. இதை விளக்கிய மனிதர் தேவாலயத்துக்குப் போகிறவர்தான். அந்த வடுவைப் பார்த்து அவருடைய நம்பிக்கை ஆடவில்லை.

தண்ணீர் ஏன் கொதிக்கிறது?

அது எப்படிச் சாத்தியம் என்பதை இறையியலாளர் ஹாட் ஓர் அன்றாடக் காட்சியைக் கொண்டு நீதிபதிக்கு விளக்கினார். அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது. ஏன் கொதிக்கிறது? நீரின் மூலக்கூறுகள் வேகமாக அசைகின்றன என்பது ஒரு பதில். அடுப்பைப் பற்றவைத்தார்கள் என்பது இன்னொரு பதில். எனக்குத் தேநீர் வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றும் உண்மை. ஒன்றைச் சொன்னதால் மற்றொன்று பொய்யாகிவிடாது. ஆனால் மூலக்கூறுகளின் அசைவுக்குள் தேநீர் ஆசையைத் தேடினால் அகப்படாது. ‘தேநீர் வேண்டும் என்பதால்தான் கொதிக்கிறது, மூலக்கூறு என்பதெல்லாம் சும்மா’ என்று சொன்னால் அது அறியாமை.

பீஹி போன்றவர்கள் செய்வது, மூலக்கூறுகளுக்கு நடுவே கடவுளுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தருவது. அறிவியலுக்கு இன்று விளங்காத இடமெல்லாம் கடவுளின் இடம் என்கிறார்கள். நாளை அந்த இடம் விளங்கிவிட்டால் கடவுள் காலி செய்ய வேண்டியதுதான். ஸ்காட்லாந்தின் மதபோதகர் ஹென்றி டிரம்மண்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை எச்சரித்தார்: இடைவெளிகளில் கடவுளைத் தேடாதீர்கள், இயற்கை முழுவதும் அவருடையது என்று கொள்ளுங்கள் என்றார். அவர் பரிணாமத்தை மனமார ஏற்றவர்.

நீதிபதி ஜோன்ஸின் தீர்ப்பு இந்த இடத்தைத் தெளிவாகத் தொட்டது. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, மதக் கருத்து; அரசுப் பள்ளியில் அதைத் திணிப்பது அரசமைப்புக்கு முரண் என்றார். அதோடு, பரிணாமக் கோட்பாடு ஒரு பரம்பொருளின் இருப்புக்கு எதிரானது என்ற முன்முடிவே முற்றிலும் பொய் என்றும் எழுதினார். பத்திரிகைகள் முதல் பாதியைத் தலைப்புச் செய்தியாக்கின. நம்பிக்கையாளர்களுக்கு முக்கியமானது இரண்டாம் பாதி.

சண்டையின் விலை

டோவர் பள்ளி நிர்வாகம் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 10,00,011 டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அது அந்தச் சிற்றூர் மக்களின் வரிப்பணம். நீதிபதிக்கும் அவர் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல் வந்து, அரசு பாதுகாப்புக் கொடுத்தது. தேர்தலில் வாரியத்தை மாற்றிய மக்களைப் பார்த்து, தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன், இனி உங்கள் ஊருக்கு ஆபத்து வந்தால் கடவுளைக் கூப்பிடாதீர்கள் என்றார். ஒரே தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்ட குடும்பங்கள் வழக்கின் இரு பக்கங்களில் நின்றன.

கண்ணுக்குத் தெரியாத விலை இதைவிடப் பெரியது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்கள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. பரிணாமத்தைத் தெளிவாகக் கற்பிப்பவர்கள் 28 சதவீதம். வெளிப்படையாகப் படைப்புவாதம் பேசுபவர்கள் 13 சதவீதம். மீதி சுமார் 60 சதவீதத்தினர் எதற்கு வம்பு என்று மேலோட்டமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் வென்ற பாடம் வகுப்பறையில் ஆசிரியரின் தயக்கத்தில் தோற்கிறது.

இந்தத் தயக்கத்துக்கு நடைமுறை விளைவுகள் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தினாலும், தேவையில்லாமல் விழுங்கினாலும், பிழைத்த கிருமிகள் பெருகி மருந்துக்கு அடங்காதவையாகின்றன. இது இயற்கைத் தேர்வு, நம் உடலுக்குள்ளேயே நடப்பது. கொரோனா வைரஸ் டெல்டா, ஒமிக்ரான் என்று உருமாறி வந்ததும் பரிணாமம்தான். பூச்சிக்கொல்லிக்கு அடங்காத பூச்சிகளைப் பார்த்து நம் விவசாயி தலையில் கை வைப்பதும் இதனால்தான். பரிணாமம் புரியாத ஒரு தலைமுறை இவற்றை விதி என்று எடுத்துக்கொள்ளும்.

நம்பிக்கைக்கும் இழப்பு உண்டு. ‘டார்வின் உண்மையென்றால் கடவுள் பொய்’ என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, கல்லூரியில் இரண்டாம் குரோமோசோமைப் பற்றிப் படிக்கிறது. சான்று கண்முன்னே இருக்கிறது. அப்போது அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் விட்டுவைத்திருக்கும் வழி ஒன்றுதான். பிள்ளையின் பக்தியை அறுத்தது டார்வினாக இருக்காது. இரண்டில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்த பெரியவர்களாகத்தான் இருப்பார்கள். ரிச்சர்ட் டாக்கின்ஸ் போன்ற நாத்திக அறிஞர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்று அதே ‘இரண்டில் ஒன்று’ என்பதைச் சொல்லும்போது, இரு முனைகளிலிருந்தும் ஒரே சுவர் எழும்புகிறது.

அமெரிக்காவில் 2024இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், மனிதனைக் கடவுள் இன்றைய வடிவிலேயே படைத்தார் என்றவர்கள் 37 சதவீதம். மனிதன் பரிணமித்தான், கடவுள் வழிநடத்தினார் என்றவர்கள் 34 சதவீதம். கடவுளுக்கு அதில் பங்கில்லை என்றவர்கள் 24 சதவீதம். சத்தம் போடும் இரு முனைகளுக்கு நடுவே, மூன்றில் ஒருவர் இரண்டையும் ஏற்று அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

தொடக்கம் முதலே இருந்த பாலம்

இந்தப் பாலம் புதிதல்ல. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூல் 1859இல் வந்தபோதே, ஆங்கிலிக்கன் குருவான சார்லஸ் கிங்ஸ்லி, தாமே உருமாறி வளரும் உயிர்களைப் படைத்த கடவுள் இன்னும் மேன்மையானவர் என்ற கருத்தில் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். டார்வின் அதை அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினின் முதன்மை ஆதரவாளர், ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே, ஆழ்ந்த கிறிஸ்தவர். இயற்கைத் தேர்வு இறையியலுக்கு முரண் அல்ல என்று கிரே எழுதியதை டார்வின் சிறுநூலாக அச்சிடச் செய்து பரப்பினார். 1882இல் டார்வின் மறைந்தபோது அவரை அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில்.

கத்தோலிக்கத் திருச்சபையும் மெல்ல நகர்ந்தது. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் பரிணாமத்தை ஆராய்வதற்குத் தடை இல்லை, ஆன்மாவைப் படைப்பது இறைவனே என்றார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். 2014இல் பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் பிடித்த வித்தைக்காரராக எண்ண வேண்டாம் என்றார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி, டார்வினுக்குச் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புனித அகஸ்டின். ஆதியாகமத்துக்கு உரை எழுதிய அவர், படைப்பின் ஆறு நாட்களைச் சாதாரண நாட்களாகக் கொள்ள வேண்டியதில்லை என்றார். இயற்கையைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் முன் வேதத்தைக் காட்டித் தவறாகப் பேசினால், வேதம் சொல்லும் மற்றவற்றையும் அவர்கள் நம்ப மாட்டார்கள் என்றும் எச்சரித்தார்.

---
பெட்டிச் செய்தி: ஒரு கையில் ஆய்வு, ஒரு கையில் வழிபாடு

• கிரெகர் மெண்டல்: அகஸ்டினியத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்துப் பாரம்பரிய விதிகளைக் கண்டார், 1866இல் வெளியிட்டார். டார்வினின் கோட்பாட்டில் விடுபட்டிருந்த பகுதி அதுதான்.
• ரொனால்டு ஃபிஷர்: மெண்டலையும் டார்வினையும் கணிதத்தால் இணைத்தவர்களில் ஒருவர். ஆங்கிலிக்கன்.
• தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி: 20ஆம் நூற்றாண்டின் பெரும் பரிணாம ஆய்வாளர். ரஷ்ய ஆர்தடாக்ஸ் மரபினர். படைப்பையும் பரிணாமத்தையும் சேர்த்தே ஏற்பதாக 1973இல் எழுதினார்.
• பிரான்சிஸ் காலின்ஸ்: மனித மரபணுத் தொகுதித் திட்டத்தின் தலைவராக இருந்தவர். நாத்திகராக இருந்து கிறிஸ்தவரானவர்.
• ரானா தஜானி: ஜோர்டானின் மூலக்கூறு உயிரியலாளர். இஸ்லாமிய நெறியில் வாழ்பவர்; முஸ்லிம் மாணவர்களுக்குப் பரிணாமம் கற்பிப்பவர்.
---

இணக்கத்துக்கும் விலை உண்டு

இரண்டும் எளிதாக ஒத்துப்போகும் என்று சொல்லிவிட்டால் அது நேர்மை ஆகாது. இணக்கம் என்றால் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது என்று நினைப்போம். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. அதில் பாதியை யாரும் விட்டுத்தர முடியாது. உண்மைச் செய்திகளில் விட்டுக்கொடுக்க வேண்டியது நம்பிக்கையின் தரப்புதான். உயிரினங்கள் தனித்தனியாக, மாறாதவையாகப் படைக்கப்பட்டன என்பதை அது கைவிட வேண்டும்.

அடுத்தது ஆதாமும் ஏவாளும். மனித இனத்தின் முன்னோர் எண்ணிக்கை எக்காலத்திலும் இரண்டு பேராகச் சுருங்கியதில்லை, சில ஆயிரங்களாகவாவது இருந்தது என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. முதல் தம்பதியின் பாவம் எல்லோருக்கும் வந்தது என்ற போதனை அப்போது என்னவாகும்? 1950இலேயே பயஸை உறுத்திய கேள்வி இது. இறையியலாளர்கள் இன்றும் இதனோடு போராடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் கனமானது துன்பம். டார்வினின் மகள் ஆன்னி 1851இல் பத்து வயதில் இறந்தாள். அந்த இழப்பு அவரை விட்டு நீங்கவில்லை. உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவுக்குள் வளர்ந்து, அதையே உள்ளிருந்து தின்னும் குளவியை அன்பான கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860இல் கிரேக்கு எழுதினார். கோடானுகோடி உயிர்களின் சாவின் மேல்தான் நாம் எழுந்து நிற்கிறோம். இதற்கு ஹாட் தரும் பதில், கடவுள் உலகைக் கயிறு கட்டி ஆட்டுவிக்கவில்லை. தானே உருவாகும் சுதந்திரத்தை அதற்குத் தந்தார். அதன் வலியிலும் பங்கெடுக்கிறார் என்பது. நம் சைவ மரபு இறைவனின் ஐந்தொழிலில் அழித்தலையும் மறைத்தலையும் வைத்திருக்கிறது. அழிவைக் கண்டு திகைக்காத இறையியல் அது. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு எந்தத் தத்துவமும் முழு ஆறுதல் தராது. துன்பம் என்ற கேள்வியை டார்வின் உண்டாக்கவில்லை. அது பைபிளில் வரும் யோபுவின் காலத்திலிருந்தே இருப்பது. டார்வின் அதைத் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்தார்.

நம் ஊரில் வேறு ஒரு வழி

இந்தியாவில் 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் கோட்பாடு தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. பரிணாமம் சொல்வது இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்பதல்ல. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து இரு கிளைகள் பிரிந்தன என்பதே.

2023இல், மத்தியப் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘பாரம்பரியம்’ என்று சுருங்கியது. பாடச்சுமையைக் குறைக்கவே என்று விளக்கம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு அது எட்டாது. 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற பாடம் இருக்கிறது. அதைப் பாதுகாக்க வேண்டும்.

நம்மிடையே நேரடி எதிர்ப்பைவிடப் பரவலானது வேறொன்று: ‘எல்லாம் நம் புராணத்திலேயே இருக்கிறது’ என்பது. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்ற வரிசையைப் பரிணாமமாக வாசிப்பது. 2019 ஜனவரியில் ஜலந்தர் இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தரே தசாவதாரம் டார்வினை விஞ்சியது என்ற கருத்தில் பேசினார். இந்த வாசிப்பு பழமையானதும் அல்ல. பின்னாளில் சென்னை அடையாற்றில் தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் இதை 1877இல் எழுதினார். வங்கத்தின் கேசவ சந்திர சென் 1882இல் பேசினார். டார்வின் வந்த பிறகுதான் இது தோன்றியது.

அவதாரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வம்சமாகப் பிறந்தவை அல்ல. பரசுராமரும் ராமரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். இயற்கைத் தேர்வு என்ற எந்திரம் அங்கே இல்லை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் அடுக்கும் பிறவிகள் ஓர் ஆன்மாவின் பயணம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுத்தது அருமையான வகைப்பாடு. இவற்றைப் பரிணாமம் என்று சொன்னால் இரண்டுக்கும் அநியாயம். அறிவியல் நாளை ஒரு கிளையைத் திருத்தி வரையும்; அப்போது அவதாரத்தையும் திருத்துவோமா? ஸ்ரீரங்கத்தில் கைகூப்புகிறவர் முதுகெலும்பிகளின் வரலாற்றை வணங்கவில்லை. டோவர் வாரியம் செய்ததைத்தான் நாமும் வேறு உடையில் செய்கிறோம்: அறிவியலின் சான்றிதழ் இல்லாமல் கடவுளால் நிற்க முடியாது என்று பயப்படுகிறோம்.

அந்தப் பயம் தேவையில்லை என்பதற்கான சான்று வைணவ வீடுகளின் பூஜை அறையிலேயே இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம், அம்மோனைட் என்ற கடலுயிரியின் புதைபடிவம். இமயம் எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்தது. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதன் சுருள் கோடுகளைப் பக்தர் திருமாலின் சக்கரமாகக் காண்கிறார். நிலவியலாளர் ஓர் உயிரியின் ஓட்டறைகளாகக் காண்கிறார். ஒரே கல். திருமஞ்சனம் செய்கிற கையே அதன் வயதையும் அறிந்திருக்கலாம். அதனால் பக்தியில் எள்ளளவும் குறையாது.

---
பெட்டிச் செய்தி: நம் மண்ணின் சான்றுகள்

• அரியலூர்: டைனோசர் காலத்தில் கடல். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட், சிப்பி முதலிய கடலுயிர்ப் படிவங்கள் கிடைக்கின்றன.
• திருவக்கரை (விழுப்புரம் மாவட்டம்): கல்லாகிப்போன மரங்களின் தேசியப் பூங்கா. வயது சுமார் 2 கோடி ஆண்டு.
• அத்திரம்பாக்கம் (திருவள்ளூர் மாவட்டம்): ஆதிமனிதரின் கற்கோடரிகள். வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றும் முன்பே இங்கே கைகள் கல்லைச் செதுக்கின.
---

இனி செய்ய வேண்டியது

பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் பரிணாமத்தைப் பத்தாம் வகுப்புக்குள்ளேயே, முழுமையாக வைக்க வேண்டும். படிப்பை எங்கே நிறுத்தினாலும் ஒரு குடிமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை அது. துருக்கி 2017இல் அதைப் பள்ளியிலிருந்து அகற்ற முடிவெடுத்த பாதையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆசிரியர் தன் மாணவரின் நம்பிக்கையைக் கேலி செய்யக் கூடாது. கேள்வியை அடக்கவும் கூடாது. ரானா தஜானி தன் வகுப்பில் செய்வது முன்மாதிரி: சான்றுகளை முழுமையாக வைக்கிறார், மாணவர்களின் மத சங்கடத்தை வெளிப்படையாகப் பேச விடுகிறார், இரண்டையும் எப்படித் தன் வாழ்வில் வைத்திருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்கிறார். டோவரின் அறிக்கையில் நடந்த மிகப் பெரிய தவறு, கேள்வி கேட்கக் கூடாது என்றதுதான்.

மதத் தலைவர்களின் பொறுப்பு இன்னும் பெரியது. பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கோயில் மண்டபத்திலும் ஒருவர் எழுந்து, ‘பரிணாமத்தைப் படி, பயப்படாதே’ என்று சொன்னால், ஆயிரம் அறிவியல் கருத்தரங்குகள் செய்யாததை அது செய்யும். எல்லா உயிரும் உறவு என்பது தமிழ் பக்தி மரபுக்கு அந்நியமான செய்தி அல்ல. பயிரின் துன்பத்தையும் தன் துன்பமாக உணர்ந்த வள்ளலாரின் வழி வந்தவர்களுக்கு, புல்லுக்கும் நமக்கும் பொது மூதாதை உண்டு என்பது அவமானம் இல்லை. கருணைக்கு இன்னொரு காரணம்.

பெற்றோர், பிள்ளையிடம் ‘இரண்டில் ஒன்று’ என்று சொல்வதை நிறுத்த வேண்டும். சான்று காட்டுவதை மறுக்கச் சொல்லும் பக்தி பலவீனமானது. சான்று எட்டாத இடத்தில் தீர்ப்புச் சொல்லும் அறிவியல் தன் எல்லையை மீறுவது. பூமியின் வயதை நிலவியலாளரிடம் கேளுங்கள். வாழ்வின் பொருளை உங்கள் மரபிடமும் மனசாட்சியிடமும் கேளுங்கள். இரண்டு கேள்விகளையும் அச்சமின்றிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு டார்வினாலும் ஆபத்தில்லை, கடவுளாலும் ஆபத்தில்லை.